தையல் லைனில் இ-லேர்னிங்: முக்கால்வாசிப் பேர் முடிக்காதது ஏன்?

கேள்வி: திருப்பூரில் நான்கு யூனிட் உள்ள பனியன் கம்பெனியில் மனிதவளப் பிரிவில் இருக்கிறேன். மொத்தம் 1,800 பேர். தீப் பாதுகாப்பு, தரம், ஊசி உடைந்தால் செய்ய வேண்டியது எல்லாவற்றையும் ஒரே 45 நிமிட இ-லேர்னிங் பாடமாக வாங்கிப் போட்டோம். மூன்று மாதமாகியும் கால்வாசிப் பேர்கூட முடிக்கவில்லை. முடித்ததாகக் காட்டுவதிலும் பல, சூப்பர்வைசரே தட்டிவிட்டவை. சாஃப்ட்வேரை மாற்றிவிடலாமா?
- பெயர் வேண்டாம், அவிநாசி

பதில்: மாற்றாதீர்கள். புதியது வாங்கினாலும் இதே கதைதான், செலவு மட்டும் கூடும்.

முதலில் சம்பளக் கணக்கைப் பாருங்கள். பீஸ் ரேட்டில் தைக்கும் ஓவர்லாக் டெய்லர் 45 நிமிடம் எழுந்து போனால் அந்த நேரத்துக் கூலி போச்சு. "பீஸ் போயிருமுங்க" என்று அவர் சொல்வதைச் சோம்பல் என்று எழுதிவிடாதீர்கள். பயிற்சி நேரத்துக்கு அவருடைய முந்தைய வாரச் சராசரியைக் கணக்கிட்டுக் கொடுத்துவிடுங்கள். ஷிப்ட் முடிந்து உட்கார வைக்கலாம் என்ற யோசனை வேண்டாம். கட்டாயப் பயிற்சியும் வேலை நேரம்தான். ஓவர்டைம் என்றால் இரட்டைக் கூலி. ஸ்டைல் மாறும்போது லைன் எப்படியும் சும்மா நிற்குமே, அதுதான் தோதான நேரம்.

அடுத்தது பாடத்தின் நீளம். உங்கள் பாடம் ஸ்கார்ம் 1.2 வடிவமா (பாடமும் அதை ஓட்டும் சாஃப்ட்வேரும் பேசிக்கொள்வதற்கான பழைய பொது வடிவம்) என்று விற்றவரிடம் கேளுங்கள். விட்ட இடத்தைக் குறித்துவைக்க அந்த வடிவத்தில் உள்ள இடம் 4,096 எழுத்துகள்தான். ஸ்லைடும் கேள்வியும் அதிகமானால் அது நிரம்பிவிடும். மறுநாள் திறந்தால் பாடம் பழைய இடத்துக்கோ முதல் ஸ்லைடுக்கோ போய்விடும். ‘வெளியேறு’ பட்டனை அழுத்தாமல் திரையை மூடினாலும் சில பாடங்களில் பதிவு ஏறாது. முடித்தவரையே முடிக்காதவராகக் காட்டினால் யார்தான் இரண்டாம் முறை உட்காருவார்?

ஆகவே உடைத்துப் போடுங்கள்: ஒரு பாடம், ஒரு வேலை, ஐந்து நிமிடம். ஊசி உடைவதை எடுத்துக்கொள்வோம். மெஷினை நிறுத்து, உடைந்த துண்டுகளைத் தேடிச் சேர், ரெஜிஸ்டரில் டேப் போட்டு ஒட்டு, எல்லாத் துண்டும் கிடைத்தால்தான் புது ஊசி. ஒரு துண்டு குறைந்தாலும் அங்கிருக்கும் பீஸ்களைத் தனியே ஒதுக்கி மெட்டல் டிடெக்டருக்கு அனுப்பு. இதை உங்கள் மெஷினிலேயே, உங்கள் சூப்பர்வைசர் கையாலேயே செய்யவைத்து மொபைலில் படம் பிடியுங்கள். வாங்கிய அனிமேஷனில் வேறு மாடல் மெஷின் வந்தால் டெய்லர் அதைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார். தமிழ், இந்தி, ஒடியா மூன்றிலும் குரல் கொடுங்கள். இந்தி பேசத் தெரிந்தவர்கள் எல்லோரும் அதைப் படிப்பார்கள் என்று நம்பி எழுத்தாகப் போடாதீர்கள். தீயணைப்பானை மட்டும் திரையோடு விட வேண்டாம். கையில் தூக்கி, பின்னை இழுத்துப் பழகத்தான் வேண்டும்.

லைனுக்குள் மொபைல் கூடாது என்று நீங்களே போர்டு வைத்திருப்பீர்கள். எனவே 450 பேர் உள்ள யூனிட்டுக்கு ஹெட்செட்டோடு 8 டேப்லெட் வாங்குங்கள். உட்கார்ந்து எழுவதும் சேர்த்து ஆளுக்கு 10 நிமிடம் என்றால் மணிக்கு 48 பேர். தினம் இரண்டு மணி நேரம் ஒதுக்கினால் ஐந்து வேலை நாளில் ஒரு பாடம் எல்லோருக்கும் முடிந்துவிடும். ஓ.டி.பி. வேண்டாம், ஊருக்குப் போய் வருபவர் சிம் மாற்றிவிடுவார். டோக்கன் நம்பரும் நான்கு இலக்க ரகசிய எண்ணும் போதும்.

சூப்பர்வைசர் தட்டிவிடுவது, முடித்தோர் எண்ணிக்கையை அவர் தலையில் கட்டியதால் வந்தது. அந்த இலக்கை எடுத்துவிடுங்கள். பதிலுக்கு, வாரம் ஒருமுறை லைனில் ஐந்து பேரைப் பிடித்து, "ஊசி உடைஞ்சிருச்சு, என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டுச் செய்துகாட்டச் சொல்லட்டும். நான்கு யூனிட்டிலும் ஒரே நாளில் தொடங்காதீர்கள். ஒரு யூனிட்டில் ஒரு லைன், ஒரு மாதம். அதன் ஊசி ரெஜிஸ்டரைப் பக்கத்து லைனுடையதோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு அடுத்த லைனுக்குப் போங்கள்.