பெயின்ற் கரண்டை விடாது

கேள்வி: ஐயா, என்னிடம் 1959ஆம் ஆண்டு மொரிஸ் மைனர் 1000 இருக்கிறது. அப்பா வாடகைக்கு ஓடிய கார். டாஷ்போர்டுக்குப் பெயின்ற் அடிப்பதற்காக நடுவில் இருக்கும் வட்ட மீற்றரைக் கழற்றித் திருப்பிப் பூட்டினேன். ஸ்பீடோ கேபிளும் புதிது. இப்போது தாங்கி நிறையப் பெற்றோல் இருந்தும் பெற்றோல் முள் அடியை விட்டு எழும்பவில்லை. இரவில் மீற்றருக்குள் வெளிச்சம் இல்லை. வேகமுள் 20க்கும் 40க்கும் இடையில் துள்ளுகிறது. இக்னிஷன் சிவப்பு விளக்கு மட்டும் முன்பு போலவே எரிந்து அணைகிறது. மீற்றரே பழுது, வேறு போடுங்கள் என்கிறார்கள். என்ன செய்யலாம்?
– வாசகர், சாவகச்சேரி

பதில்: மீற்றரில் கை வைக்காதீர்கள் தம்பி. அந்தச் சிவப்பு விளக்கே உங்களுக்கு விடை சொல்லிவிட்டது. அதற்கு இரண்டு வயர். மீற்றரின் உடம்பு வழியாக எர்த் (காரின் தகடு வழியாகப் பற்றரியோடு சேரும் இணைப்பு) எடுப்பதில்லை. பெற்றோல் முள்ளும் உள்விளக்கும் அப்படியல்ல, இரண்டும் மீற்றரின் தகட்டுக்கூட்டையே எர்த்தாக நம்பியிருப்பவை. அந்தக் கூடு டாஷ்போர்டைத் தொடும் இடம் முழுக்க நீங்கள் வடிவாகப் பெயின்ற் அடித்துவிட்டீர்கள். முன்பு பழைய கேபிளின் இரும்புறை வழியாகவும் கொஞ்சம் எர்த் களவாக வந்திருக்கும். புதுக் கேபிளுக்குப் பிளாஸ்டிக் உறை என்றால் அதுவும் போச்சு.

நம்பிக்கை இல்லையென்றால் சோதித்துப் பாருங்கள். இக்னிஷனையும் பக்க விளக்கையும் மீற்றர் விளக்குச் சுவிச்சையும் போட்டுவிட்டு, ஒரு துண்டு வயரின் ஒரு முனையை மீற்றர் கூட்டிலும் மறுமுனையைப் பெயின்ற் படாத ஒரு போல்ற்றிலும் பிடியுங்கள். முள் எழும்பும், விளக்கும் பற்றும். அப்புறம் பற்றரியைக் கழற்றிவிட்டு, மீற்றர் பூட்டும் இடத்தின் பின்பக்கத்தில் நகமளவு இடத்தைச் சாண்ட் பேப்பரால் தேய்த்து வெறும் தகடு தெரிய விடுங்கள். நானென்றால் கூட்டிலிருந்து தனியாக ஒரு கறுப்பு வயரும் இழுத்துவிடுவேன். பற்றரியில் முதலில் கழற்ற வேண்டியது பொசிற்றிவ். யாரும் இடையில் மாற்றாவிட்டால் உங்கள் காரில் எர்த் ஆகியிருப்பது அதுதான். ஜப்பான் கார் பழகிய பெடியள் இங்கேதான் பிசகுவார்கள்.

எர்த் கொடுத்த பிறகு முள் ஒரேயடியாக மேலே ஏறி, தாங்கி பாதியானாலும் இறங்காமல் நின்றால், கோளாறு பின்னால். தாங்கியிலிருந்து வரும் பச்சையில் கறுப்புக் கோடு போட்ட வயர் கழன்றிருக்கும், அல்லது தாங்கிக்கு எர்த் இராது. இது உங்கள் காரிலுள்ள பழைய இரட்டைச் சுருள் பெற்றோல் கேஜுக்குத்தான் பொருந்தும். பிந்திய கேஜில், அந்த வயர் கழன்றால் முள் கீழே விழும்.

வேகமுள் துள்ளுவது வேறு கதை. ஸ்பீடோவுக்குள், கேபிள் சுற்றச் சுற்ற ஒரு காந்தம் சுழன்று, தன்னைத் தொடாமலே ஓர் அலுமினியக் கிண்ணத்தை இழுக்கிறது. மெல்லிய சுருள்வில் அதைப் பிடித்து வைக்கிறது. கேபிள் விக்கி விக்கிச் சுற்றினால் முள்ளும் விக்கும். கிளவ் பொக்ஸின் மட்டையை எடுத்துவிட்டு ரோச் அடித்துப் பாருங்கள். 6 அங்குல ஆரத்தை விடக் குறுகலாகக் கேபிள் எங்கும் வளையக் கூடாது. மீற்றருக்குப் பின்னால் நேராக வந்து ஏற வேண்டும். மீற்றர்ப் பக்கத்தில் உள்கம்பி உறைக்கு வெளியே கிட்டத்தட்ட 10 மில்லிமீற்றர் நீண்டிருக்க வேண்டும். கிறீஸ் பூசுங்கள், ஆனால் மேல்முனையில் 8 அங்குலத்தைத் துடைத்துவிடுங்கள். ஒயில் மட்டும் விட வேண்டாம்! கம்பி சுற்றச் சுற்ற அது மேலேறி மீற்றருக்குள் போனால், பிறகு வேறு மீற்றர் தேட வேண்டியதுதான். கேபிள் நட்டைக் கையால் இறுக்கினால் போதும், குறடு வேண்டாம்.

கேள்வி: என் மைனர் மீற்றருக்கு எல்ஈடி பல்ப் போட்டேன், எரியவில்லை. பல்ப் பழுதா?
– வாசகர், வவுனியா

பதில்: பல்ப் நல்லதாகத்தான் இருக்கும். பொசிற்றிவ் எர்த் காரில் சாதாரண எல்ஈடிக்கு மின்சாரம் தலைகீழாகப் போகிறது. பொசிற்றிவ் எர்த் வகை என்று கேட்டு வாங்குங்கள். இக்னிஷன் விளக்குக்கு மட்டும் பழைய இழை பல்பையே விட்டுவிடுங்கள்.

கேள்வி: மைல் கணக்குப் பார்க்க மகனுக்குத் தெரியவில்லை. கிலோமீற்றர் மீற்றர் போடலாமா?
– வாசகி, மானிப்பாய்

பதில்: வேண்டாம் அம்மா. வேறு காரின் மீற்றர் இந்தக் கியர்பொக்ஸுக்குச் சரியான கணக்குக் காட்டாது. மணிக்கு 50 கிலோமீற்றர் என்றால் 31 மைல். கண்ணாடியில் அந்த இடத்தில் சின்னதாக ஒரு சிவப்புக் கோடு ஒட்டிக் கொடுங்கள்.