வாசகர் கேள்வி–பதில்: பிக்கப் வாங்குமுன் கதவைத் திறந்து பாருங்கள்

சென்ற இதழில் அமெரிக்கப் பிக்கப் வண்டிகளைப் பற்றி எழுதிய நான்கு வரிப் பதிலுக்கு எதிர்பாராத அளவில் கடிதங்கள் வந்துவிட்டன. அவற்றில் சிலவற்றுக்கு மட்டும் இங்கே விரிவாகப் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: குடும்பத்துடன் முகாம் போக, சாமான்களோடு சேர்த்து 3,000 கிலோ எடையுள்ள டிரெய்லர் ஒன்றை இழுக்க வேண்டும். ஃபோர்டு எஃப்-150 தான் வேண்டும் என்கிறார் ஒரு நண்பர், செவர்லே சில்வராடோ என்கிறார் இன்னொருவர், ராம் என்கிறார் மூன்றாமவர். விளம்பரங்களைப் பார்த்தால் மூன்றுமே 5,000 கிலோவுக்கு மேல் இழுக்கும் போலிருக்கிறது. எதை வாங்கலாம்?
— டாலஸ் வாசகர்

பதில்: உங்கள் நண்பர்கள் மூவரும் இழுவைத் திறனைப் பற்றியே பேசுகிறார்கள். உங்களுக்கு முதலில் தடையாக வரப்போவது சுமைத் திறன். ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். ஆட்களும் சாமான்களும் சேர்ந்து இத்தனை எடையைத் தாண்டக் கூடாது என்று அதில் அச்சிட்டிருப்பார்கள். அந்த எண் அந்த ஒரு வண்டிக்கு மட்டும் உரியது, அதே மாடலில் பக்கத்தில் நிற்கும் வண்டிக்கு அது வேறாக இருக்கலாம்.

உங்கள் கணக்கையே போட்டுப் பார்ப்போம். டிரெய்லரின் எடையில் 10 முதல் 15 விழுக்காடு வரை கொக்கியின் வழியாக வண்டியின் மீதே அழுத்தும். 12 விழுக்காடு என்று வைத்தால் 360 கிலோ. நீங்கள் நால்வர் சேர்ந்து 280 கிலோ, கொக்கிக் கருவிகளும் குளிர்பெட்டியும் பிற சாமான்களும் 80 கிலோ என்றால் மொத்தம் 720 கிலோ ஆகிறது. நான்கு கதவும் தோல் இருக்கைகளும் கண்ணாடிக் கூரையும் பெரிய சக்கரங்களும் கொண்ட வண்டியின் ஸ்டிக்கரில் 680 கிலோ என்றோ அதற்கும் குறைவாகவோ எழுதியிருப்பது சர்வ சாதாரணம். அதாவது, 5,000 கிலோ இழுக்கும் என்று விளம்பரப்படுத்தப்பட்ட வண்டி, 3,000 கிலோ டிரெய்லருக்கே போதாமல் போய்விடுகிறது. வசதிகளைக் கூட்டக் கூட வண்டியின் சொந்த எடை ஏறி, சுமக்கும் திறன் இறங்குகிறது என்பதை விற்பனையாளர் தாமாகச் சொல்ல மாட்டார்.

விளம்பர எண் பொய்யும் அல்ல. எல்லா நிறுவனங்களும் ஒரே பொது விதிப்படிதான் சோதிக்கின்றன. அரிசோனாவில் டேவிஸ் அணைக்கு அருகிலுள்ள நீண்ட ஏற்றத்தில் ஏறிக் காட்டுவதும் அதில் அடக்கம். ஆனால் அந்த விதி வண்டிக்குள் தலா 68 கிலோ எடையுள்ள இருவர் மட்டும் இருப்பதாகக் கொள்கிறது. நம் வீட்டுப் பயணம் எதுவும் அப்படிக் கிளம்பியதாக எனக்கு நினைவில்லை.

ஆகவே மூன்றில் எதை வேண்டுமானாலும் வாங்குங்கள், ஸ்டிக்கரில் 800 கிலோவுக்குக் குறையாத வண்டியாகப் பாருங்கள். ராம் 2009 முதல் பின்புறம் பட்டை ஸ்பிரிங்குக்குப் பதிலாகச் சுருள் ஸ்பிரிங் வைப்பதால் சொகுசில் முந்துகிறது. சுமை என்று வந்தால் அதன் ஸ்டிக்கரை இருமுறை படியுங்கள்.

கேள்வி: இங்கே குளிர்காலம் முழுவதும் சாலையில் உப்புக் கொட்டுகிறார்கள். அலுமினிய உடல் கொண்ட ஃபோர்டு வாங்கினால் துருத் தொல்லை தீருமா?
— மிச்சிகன் வாசகர்

பதில்: பாதி தீரும். 2015 மாடலில் எஃப்-150 அலுமினிய உடலுக்கு மாறியபோது ஏறத்தாழ 300 கிலோ வரை எடை குறைந்தது. கதவின் ஓரமும் சக்கர வளைவும் பொத்துப்போகும் பழைய கதை அதோடு முடிந்தது. ஆனால் அடியில் வண்டியைத் தாங்கும் சட்டகம் இன்றும் எஃகுதான், உப்பு கடிப்பதும் அங்கேதான். டொயோட்டா தரத்துக்குப் பேர்போன நிறுவனம். அதன் டன்ட்ரா, டகோமா, செக்கோயா வண்டிகளில் சட்டகம் துருப்பிடித்த வழக்கிலேயே 2016-இல் 340 கோடி டாலர் வரை மதிப்பிடப்பட்ட உடன்பாட்டுக்கு வர நேர்ந்தது. ஆண்டுதோறும் பனிக்காலத்துக்கு முன் அடிப்பாகத்துக்கு எண்ணெய்ப் பூச்சு கொடுங்கள். பழைய வண்டி வாங்குவதானால், படுத்துப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். ஒரு முறை மேலே பளபளத்த வண்டியை நான் அப்படிப் பார்க்காமல் வாங்கி, அடுத்த கோடையில் பற்றவைப்பவரிடம் நின்றேன்.

கேள்வி: டர்போ வைத்த ஆறு சிலிண்டர் எஞ்சின்கள் நீடிக்குமா? எட்டு சிலிண்டர் கொண்ட பழைய வி-8 தான் நம்பகமானது என்கிறார்களே?
— ஹூஸ்டன் வாசகர்

பதில்: சிலிண்டர்களை எண்ணித் தரத்தை அறிய முடியாது என்பதை அண்மை ஆண்டுகள் காட்டிவிட்டன. டன்ட்ரா 2022 மாடலில் தன் 5.7 லிட்டர் வி-8 எஞ்சினை விட்டு இரட்டை டர்போ வி-6 எஞ்சினுக்கு மாறியது. தயாரிப்பின்போது கடைந்தெடுத்த உலோகத் துகள்கள் எஞ்சினுக்குள் தங்கிவிட்டதால், 2024-இல் சுமார் ஒரு லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைக்க வேண்டியதாயிற்று. ‘பார்த்தீர்களா’ என்று வி-8 ரசிகர்கள் சொல்லி முடிப்பதற்குள், 2025 ஏப்ரலில் ஜெனரல் மோட்டார்ஸ் தன் 6.2 லிட்டர் வி-8 பொருத்திய, 2021 முதல் 2024 வரையிலான ஏறத்தாழ ஆறு லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்தது. அங்கே கோளாறு எஞ்சினுக்குள் சுழலும் கிராங்க் தண்டிலும், அதைப் பிஸ்டனோடு இணைக்கும் கனெக்டிங் ராடிலும். சோதனையில் தேறிய வண்டிகளுக்கு இன்னும் கெட்டியான எண்ணெய் ஊற்றச் சொன்னார்கள்.

ராம் கதை வேறு. 2025 மாடலில் ஹெமி என்ற தன் வி-8 எஞ்சினை நீக்கி 420 குதிரைத்திறன் கொண்ட ஆறு சிலிண்டர் டர்போவை வைத்தார்கள். வாடிக்கையாளர் முணுமுணுப்புக்குப் பிறகு, 395 குதிரைத்திறன் கொண்ட ஹெமியை 2026 மாடலில் திரும்பக் கொண்டுவந்து, அதற்குக் கூடுதல் விலையும் வைத்தார்கள். அந்த உறுமலுக்குப் பணம் கொடுப்பது உங்கள் விருப்பம், அதைத் தரம் என்று மட்டும் சொல்லாதீர்கள். புதிதாக வந்த எஞ்சினை முதல் இரண்டு ஆண்டுகளில் வாங்காமல் இருப்பதும், கையேடு சொல்வதற்கு முன்பே எண்ணெய் மாற்றுவதும்தான் நான் கடைப்பிடிக்கும் வழி. வண்டியின் அடையாள எண்ணைக் கொடுத்தால் நிலுவையிலுள்ள திரும்ப அழைப்புகளை அரசின் சாலைப் பாதுகாப்புத் துறையே இலவசமாகக் காட்டும்.

கேள்வி: உழைப்பாளியின் வண்டி என்கிறார்கள், விலையோ 60,000 டாலரைத் தாண்டுகிறது. ஏன் இப்படி?
— நியூஜெர்சி வாசகர்

பதில்: ஒரு காரணம் கோழி. 1960-களின் தொடக்கத்தில் பிரான்சும் மேற்கு ஜெர்மனியும் அமெரிக்கக் கோழி இறைச்சிக்கு வரி விதிக்க, அதற்குப் பதிலடியாக 1963 டிசம்பரில் அதிபர் லிண்டன் ஜான்சன், பிராந்தி முதலிய சில பொருள்களோடு இறக்குமதியாகும் சிறு டிரக்குகளுக்கும் 25 விழுக்காடு வரி விதித்தார். மற்ற வரிகள் போயின, டிரக் வரி நிலைத்துவிட்டது. வெளியாரின் போட்டி குறைந்த சந்தையில் லாபம் கொழித்தது. டொயோட்டாவும் இதனால்தான் டன்ட்ராவை டெக்சாஸின் சான் அன்டோனியோவிலேயே செய்கிறது. நிசான் டைட்டன் தாக்குப்பிடிக்க முடியாமல் 2024-இல் விடைபெற்றது.

மறு காரணம் நாமே. தச்சரும் குழாய் வேலை செய்பவரும் வாங்கும் அடிப்படை மாடல் இன்றும் 40,000 டாலருக்கு முன்னே பின்னே கிடைக்கிறது. துணி இருக்கை, எட்டடி நீளப் பின்பெட்டி, கூடுதல் சுமைத் திறன். கண்காட்சிக் கூடத்தின் முன்வரிசையில் அதை நிறுத்த மாட்டார்கள். கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: பெட்ரோல் எஞ்சினும் மின்மோட்டாரும் சேர்ந்த ஹைபிரிட் எஃப்-150 வீட்டுக்கு மின்சாரம் கொடுக்கும் என்பது உண்மையா?
— ஆஸ்டின் வாசகர்

பதில்: உண்மை. 7.2 கிலோவாட் வரை கொடுக்கும் அமைப்பு அதில் உண்டு. 2021 பிப்ரவரியில் உங்கள் மாநிலமே பனியில் இருண்டபோது, கைவசமிருந்த இத்தகைய வண்டிகளை மக்களுக்கு இரவல் கொடுக்குமாறு டெக்சாஸ் டீலர்களை ஃபோர்டு கேட்டுக்கொண்டது. குளிர்பெட்டி, விளக்கு, சூடேற்றியின் விசிறி ஆகியவற்றுக்குத் தாராளமாகப் போதும். ஆனால் எஞ்சின் ஓடும் என்பதால் வண்டியைக் கொட்டகைக்குள் நிறுத்தாமல் வெளியே நிறுத்துங்கள். வீட்டு மின்பலகையோடு நேரடியாக இணைப்பதற்கு, தெருக் கம்பியைத் துண்டிக்கும் மாற்றுச் சுவிட்சை உரிமம் பெற்ற மின்பணியாளர் ஒருவரைக் கொண்டு முதலில் பொருத்திக்கொள்ளுங்கள்.