ஊர் சுற்றிய அண்ணனிடம் கேளுங்கள்: போகலாமா, வேண்டாமா?

சிங்கப்பூரில் டிசம்பர் பள்ளி விடுமுறை நெருங்கிவிட்டது, ஒவ்வொரு பேட்டையிலிருந்தும் ஆளாளுக்குத் தனித்தனியாகப் பயணம் பற்றிக் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள், அதனால் மொத்தமாக உட்கார்ந்து பதில் சொல்லிவிடலாம் என்று பார்க்கிறேன். எனக்குத் தெரிந்தது கோயில், சாப்பாடு, பழைய ஊர்கள். ஷாப்பிங், தீம் பார்க் பற்றி என்னிடம் கேட்காதீர்கள். கேள்விக்கு முன்னால் ஒன்று: தாய்லாந்தில் மிட்டாய், பிஸ்கட், பானம் எதை வாங்கினாலும் பொட்டலத்தில் கஞ்சா இலைப் படம் இருக்கிறதா என்று பாருங்கள். அங்கே கடையில் விற்கிறார்களே என்றால் அது அவர்கள் பாடு. சிங்கப்பூர்க் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் வெளிநாட்டில் போதைப்பொருள் உட்கொண்டாலும் இங்கே குற்றம்தான்.

செங்காங்கிலிருந்து: அண்ணே, பார்த்ததிலேயே சிறந்த இடம் எது, மோசமானது எது? ஒரே வரியில் சொல்லுங்கள்.

சிறந்தது கம்போடியாவின் பந்தியாய் ஸ்ரீ, மோசமானது பாலியின் லெம்புயாங் கோயில் வாசல்.

ஈசூன்: லெம்புயாங் மோசமா? படத்தில் அவ்வளவு அழகாக இருக்கிறதே, வாசலுக்கு முன்னால் ஏரி, அதில் பிம்பம்!

ஏரியே கிடையாது தங்கச்சி. வாசலுக்கு முன்னால் இருப்பது வெறும் கல் தரை. படம் எடுத்துத் தருகிறவர் கைபேசிக் கேமராவுக்குக் கீழே ஒரு சின்னக் கண்ணாடித் துண்டைப் பிடிக்கிறார், அதில் விழும் பிம்பம்தான் நீ பார்த்த ஏரி. அதற்காக விடியற்காலையில் எழுந்து, மலைப்பாதையில் வண்டியில் குலுங்கி, எண் வாங்கி, மணிக்கணக்கில் காத்திருந்து, உன் முறை வந்ததும் நாலு விதமாக நின்றுவிட்டு இறங்கி வர வேண்டும். பின்னால் இருக்கும் உண்மையான கோயிலுக்கு மேலே ஏறுகிறவர்கள் கொஞ்சம் பேர்தான். கோயில்மேல் எனக்கு வருத்தமில்லை, அந்த வரிசைமேல்தான். டிசம்பரில் பாலியில் மழைக்காலம் வேறு, யோசித்துக்கொள்.

பொங்கோல்: சுவிட்சர்லாந்து போகிறோம். யூங்ஃபிராவ்யோக் ஏறலாமா? காசு அதிகமாக இருக்கிறது.

3,454 மீட்டர் உயரத்தில் இருக்கும் மலை ரயில் நிலையம் அது. மேகம் மூடினால் காசு கொடுத்து வெள்ளைச் சுவரைத்தான் பார்ப்பீர்கள். மலை உச்சியில் நேரடிக் கேமரா இருக்கிறது, காலையில் இணையத்தில் அதைப் பார்த்துவிட்டு அன்றைக்கே டிக்கெட் எடுங்கள். மாதக்கணக்கில் முன்பே தேதி குறித்து வாங்காதீர்கள். உச்சியில் இந்தியச் சாப்பாடும் கிடைக்கும், அதற்காக ஏற வேண்டியதில்லை.

தெம்பனிஸ்: அம்மா சுத்த சைவம். தாய்லாந்தில் என்ன செய்வது?

இது நல்ல கேள்வி. "இறைச்சி வேண்டாம்" என்று மட்டும் சொன்னால் காய்கறிப் பொரியலிலும் மீன் சாறு ஊற்றித்தான் தருவார்கள், அவர்கள் கணக்கில் அது இறைச்சி இல்லை. மஞ்சள் துணியில் சிவப்பு எழுத்து போட்ட கொடி தொங்கும் கடையைத் தேடுங்கள், அதை "ஜே" என்பார்கள். மீன் சாறும் கிடையாது, வெங்காயம் பூண்டும் கிடையாது, அம்மாவுக்கு விரத நாளிலும் ஒத்துவரும். வியட்நாமில் "சாய்" என்று கேளுங்கள், அமாவாசை, பௌர்ணமியில் அங்கே பாதி ஊர் சைவம் சாப்பிடும். ஜப்பான்தான் சிரமம்: சூப், நூடல்ஸ், ஏன் சில ஊறுகாயில்கூட உலர்ந்த மீனில் எடுத்த தாஷி கலந்திருக்கும், கண்ணுக்குத் தெரியாது. அம்மாவைக் கூட்டிக்கொண்டு ஜப்பான் போனால் பருப்புப் பொடி கையில் இருக்கட்டும்.

உட்லண்ட்ஸ்: ஞாயிறு மாலை பக்கத்து மலேசியாவின் ஜொகூரிலிருந்து திரும்பினால் எவ்வளவு நேரம் ஆகும்?

இதை வெளிநாட்டுப் பயணக் கணக்கில் சேர்க்கிறீர்களா? நெரிசலுக்குப் பயந்தால் திங்கள் காலை வாருங்கள்.

பிடோக்: பாங்காக்கில் அரண்மனை வாசலில் "இன்றைக்கு மூடியிருக்கிறது, வேறு கோயில் காட்டுகிறேன்" என்றார் ஒருவர். நம்பலாமா?

நம்பாதே. அவர் ஏற்றிவிடும் வண்டி கடைசியில் ஒரு ரத்தினக் கல் கடையில் போய் நிற்கும். பத்தடி நடந்து டிக்கெட் கவுண்டரிலேயே கேள். ஒரு பயண நிறுவனம், பெயர் வேண்டாம், காசு வாங்கிக்கொண்டு எங்களையும் இப்படித்தான் தலையணைக் கடையில் அடைத்து வைத்தது. அப்புறம், இலைப் படம், மறந்துவிடாதே.

அங் மோ கியோ: அங்கோர்வாட்டுக்கு பத்து வயதுப் பையனோடு போகிறேன். ராஜராஜ சோழன் கட்டிய கோயிலை அவனுக்குக் காட்ட வேண்டும்.

முதலில் பயணம். புது விமான நிலையம் 2023 அக்டோபரில் திறந்தது, சியாம் ரீப் ஊரிலிருந்து 40 கிலோமீட்டருக்கு மேல், வண்டி சொல்லி வையுங்கள். ஒரு நாள் டிக்கெட் 37 அமெரிக்க டாலர், மூன்று நாளுக்கு 62, மூன்று நாள்தான் சரி. பன்னிரண்டு வயதுக்குக் கீழே இலவசம், பையனின் கடப்பிதழைக் கையில் வைத்திருங்கள், ஆனால் மேல் அடுக்குக்கு அவனை ஏற விடமாட்டார்கள், முன்பே சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் அங்கே அழுவான்.

இப்போது சோழன். ராஜராஜன் கட்டவில்லை. கட்டியவர் கம்போடியாவின் கெமர் அரசர் இரண்டாம் சூரியவர்மன், 12-ஆம் நூற்றாண்டில், ராஜராஜன் காலமாகி நூறு ஆண்டு கழித்து. விஷ்ணு கோயிலாக எழுந்து பிறகு பௌத்தத் தலமானது. பையனுக்குத் தப்பாகச் சொல்லிக்கொடுக்காதீர்கள்.

புக்கிட் பாத்தோக்: சூரியவர்மன் என்ற பெயரே பல்லவப் பெயர்தானே? வாட்ஸ்அப்பில் ஆதாரத்தோடு வந்திருக்கிறது.

அது ஆதாரம் இல்லை ஐயா, பூக்கள் போட்ட படம். வர்மன் என்பது வடமொழிப் பட்டம், பல்லவர் வைத்துக்கொண்டார்கள், வியட்நாம் பக்கத்துச் சம்பாவில் வைத்துக்கொண்டார்கள், அஸ்ஸாம் பக்கத்து காமரூபத்திலும் வைத்துக்கொண்டார்கள். அங்கோர்க் கல்வெட்டுகள் சமஸ்கிருதத்திலும் பழைய கெமரிலும் இருக்கின்றன. எழுத்து பல்லவ எழுத்திலிருந்து வளர்ந்தது, அது உண்மை. எழுத்து போனது என்பதற்காகக் கோயிலைக் கட்டியதும் நாம்தான் என்றால், ரோமன் எழுத்தில் மலாய் எழுதும் மலேசியாவை இத்தாலிக்காரன் கட்டினான் என்றாகிவிடும்.

ஜூரோங் வெஸ்ட்: நம்மவர்களை ஏன் மட்டம் தட்டுகிறீர்கள்? பெருமைப்பட ஒன்றுமே இல்லையா?

நிறைய இருக்கிறது, அதனால்தான் கோபம் வருகிறது! பந்தியாய் ஸ்ரீ என்று முதலிலேயே சொன்னேனே, 967-இல் குடமுழுக்கு கண்ட சிறிய சிவன் கோயில், இளஞ்சிவப்புக் கல், மரத்தில் செதுக்கியதைப்போல் வேலைப்பாடு. அங்கே சிவன் ஆடுகிறார், காலடியில் எலும்பும் தோலுமாக ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். ஆய்வாளர்கள் அவளைக் காரைக்கால் அம்மையார் என்கிறார்கள். பேயுருவை வேண்டி வாங்கிய நம் அம்மையார், கெமர் சிற்பி கையில்! இதைத் தாண்டிப் போய் அங்கோர்வாட் வாசலில் "ராஜராஜன் வாழ்க" என்று படம் எடுக்கிறார்கள்.

இன்னும் கேளுங்கள். காம்போஜ அரசன், அதாவது கம்போடிய அரசன், ராஜேந்திர சோழனுக்குத் தேர் அனுப்பியதைக் கரந்தைச் செப்பேடு சொல்கிறது, ஆக இரண்டு அரசுக்கும் உறவு இருந்தது, அடிமைத்தனம் இல்லை. தாய்லாந்தின் தகுவாபாவில் 9-ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு, குளம் வெட்டியதையும் மணிக்கிராமம் என்ற வணிகர் குழுவையும் சொல்கிறது. சுமத்ராவின் பாரூஸில் 1088-ஆம் ஆண்டு, ஐந்நூற்றுவர் என்ற வணிகர் குழுவின் கல்வெட்டு. அந்தப் பக்கம் ஃபுக்கெட், மேடான் என்று போகிறவர்கள் எத்தனை பேர் இதைக் கேள்விப்பட்டிருப்பீர்கள்? வியாபாரிகள் கப்பலில் போய், வரி கொடுத்து, குளம் வெட்டி வாழ்ந்ததைச் சொன்னால் யாருக்கும் புல்லரிப்பதில்லை, அரசன் பெயர் வேண்டும்.

புக்கிட் பாத்தோக் மறுபடியும்: இருந்தாலும் சிற்பிகள் காஞ்சியிலிருந்து போயிருக்கலாம் அல்லவா?

கல்வெட்டைக் காட்டுங்கள், நானே மாலை போடுகிறேன்.

ஹவ்காங்: அண்ணே, தாய்லாந்தில் சைவம் கிடைக்குமா?

தெம்பனிஸ்காரர் கேள்வியைப் படியுங்கள். மஞ்சள் கொடி. இலை.

குவீன்ஸ்டவுன்: பாரிஸில் மோனாலிசா பார்க்க வேண்டாமா?

77க்கு 53 செண்டிமீட்டர் ஓவியம், முன்னால் நிற்கும் நூறு கைபேசிகளுக்கு நடுவில் தெரிந்தால் பாருங்கள். கையில் நூல் கட்ட வருகிறவர்களிடம் கையை நீட்டாதீர்கள், கட்டிவிட்டுக் காசு கேட்பார்கள். சோறு வேண்டுமென்றால் லா ஷப்பேல் பகுதிக்குப் போங்கள், ஈழத்தமிழர் கடைகள் வரிசையாக இருக்கும்.

செராங்கூன்: எல்லோரும் போகாத, தமிழர் ஒருமுறையாவது பார்க்க வேண்டிய ஊர் ஒன்று சொல்லுங்கள்.

சீனாவின் சுவான்சோ. நம் புளோக்கில் இருக்கும் ஹொக்கியன் சீனப் பாட்டியின் முன்னோர் ஊர்ப் பக்கம். 1281-இல் அங்கே தமிழ் வணிகர் ஒரு சிவன் கோயில் எழுப்பியதைச் சொல்லும், தமிழும் சீனமும் சேர்ந்த கல்வெட்டு கிடைத்திருக்கிறது. கோயில் இன்று இல்லை. ஆனால் கையுவான் என்ற பௌத்தக் கோயிலின் பெரிய மண்டபத்துக்குப் பின்புறம் போனால் இரண்டு தூண்கள், அதில் நரசிம்மர் இரணியன் வயிற்றைக் கிழிக்கிறார். முன்பக்கம் கும்பிட்டுவிட்டு எல்லோரும் திரும்பிவிடுவார்கள், பின்பக்கம் போக மறக்காதீர்கள். 2024 பிப்ரவரியிலிருந்து சிங்கப்பூர்க் கடப்பிதழ் வைத்திருப்பவர்களுக்கு 30 நாள் விசா வேண்டாம். சியாமன் வரை விமானம், அங்கிருந்து அதிவேக ரயிலில் அரை மணி சொச்சம்.

செராங்கூன்: அங்கே சைவம் கிடைக்குமா?

கோயில் பக்கத்தில் கிடைக்கும். கொடி நிறம் கேட்காதீர்கள், நான் தூங்கப் போகிறேன்.