பஞ்சில் சுற்றிய கடிகாரம்

அன்புள்ள ஐயா,

போன வாரம் தூக்கம் வராத ஓர் இரவில் இணையத்தில் எதையோ தேடப்போய் ஓர் அனிமேஷன் குறும்படத்தில் போய் விழுந்தேன். 1953இல் யூ.பி.ஏ. நிறுவனம் எடுத்த ‘தி டெல்-டேல் ஹார்ட்’. அமெரிக்க எழுத்தாளர் எட்கர் ஆலன் போவின் கதை. பத்து நிமிடம்கூட இல்லை. பார்த்து முடித்ததும் விளக்கை அணைக்கவே கை வரவில்லை. யாருக்கும் தெரியாத ஒரு பொக்கிஷத்தைக் கண்டுபிடித்துவிட்ட மாதிரி இருந்தது. நண்பர்களிடம் சொன்னேன். கார்ட்டூனா என்று சிரித்தார்கள்.

ஒரு கிழவரின் கண்ணைப் பிடிக்காமல் அவரைக் கொன்றவன், கடைசியில் மனசாட்சி உறுத்தித் தானே ஒப்புக்கொள்கிறான். குற்ற உணர்ச்சியை இதைவிட நன்றாக யாரும் சொல்லியிருக்க முடியாது. ஒரே குறை, படத்தில் அசைவு குறைவு. பல இடங்களில் ஓவியத்தின் மேல் கேமரா நகர்கிறது, அவ்வளவுதான். பணம் போதவில்லையோ என்னவோ.

என் கேள்வி இதுதான். படத்துக்கு அப்புறம் மூலக்கதையை எடுத்து வாசித்தேன். ஒவ்வொரு வரியும் படத்தில் கதை சொல்லும் ஜேம்ஸ் மேசனின் குரலிலேயே கேட்கிறது. படத்தை முதலில் பார்த்ததால் கதையை இழந்துவிட்டேனா? இதுபோல வேறு படங்கள் இருந்தாலும் சொல்லுங்கள்.

அன்புடன்,
கே.

அன்புள்ள கே,

கொஞ்ச நாளாகவே இந்தக் கதை என் தலைக்குள் சுற்றிக்கொண்டிருக்கிறது. அதனால்தான் வரிசையில் காத்திருக்கும் மற்ற கடிதங்களைத் தள்ளி வைத்துவிட்டு உங்களுக்கு எழுதுகிறேன். மற்றவர்கள் மன்னிக்கட்டும்.

முதலில் அந்தப் பொக்கிஷம். நீங்கள் கண்டுபிடித்த படம் அந்த ஆண்டு ஆஸ்கர் பரிந்துரைப் பட்டியலில் இருந்தது. வாத்தியங்களின் கதையைச் சொல்லும் டிஸ்னி கார்ட்டூன் ஒன்றிடம் தோற்றது. பிரிட்டனில் ‘எக்ஸ்’ சான்றிதழ் வாங்கிய முதல் கார்ட்டூன் இதுதான். அதாவது பதினாறு வயது நிரம்பாதவர்களுக்குத் தியேட்டரில் அனுமதி இல்லை. 2001இல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் சேர்த்துவிட்டார்கள். ஆக, யாருக்கும் தெரியாத படம் இல்லை, உங்களுக்கும் உங்கள் நண்பர்களுக்கும் தெரியாத படம். இரண்டுக்கும் வித்தியாசம் இருக்கிறது. நமக்கு இன்றைக்குத்தான் தெரிந்தது என்பதாலேயே ஒன்று இன்றைக்குத்தான் பிறந்தது என்று நினைப்பது இணையம் நமக்குக் கொடுத்திருக்கும் வியாதி.

சரி, கோபித்துக்கொள்ளாதீர்கள். நடு ராத்திரியில், பரிந்துரை செய்ய ஆளில்லாமல், தானாகப் போய் ஒரு படத்தின் மேல் முட்டிக்கொள்ளும் சுகம் எனக்கும் தெரியும். விளக்கை அணைக்கக் கை வரவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், அந்த ஒரு வரிக்காகவே உங்களைப் பிடித்துப்போயிற்று. சிரித்த நண்பர்களை விடுங்கள். அவர்களைப் பிரிட்டிஷ் தணிக்கைக்காரர்கள் 1953லேயே கவனித்துவிட்டார்கள்.

அசைவு குறைவு என்கிறீர்கள். அந்தக் கதையை வாசித்ததாகவும் சொல்கிறீர்கள். கிழவரின் அறைக் கதவைத் திறந்து தலையை மட்டும் உள்ளே நுழைக்கக் கொலைகாரனுக்கு ஒரு மணி நேரம் ஆகிறது. கடிகாரத்தின் நிமிட முள்கூட என் கையைவிட வேகமாக நகரும் என்று பெருமையடித்துக்கொள்கிறான். ஏழு இரவு போகிறான், கிழவரின் கண் மூடியே இருக்கிறது, திரும்பி வருகிறான். எட்டாவது இரவில் சத்தம் கேட்டு எழுந்து உட்கார்ந்த கிழவரும் ஒரு மணி நேரம் படுக்கவில்லை. அவனும் நின்ற இடத்தில் நிற்கிறான். இதில் எதைக் குதிக்க வைக்கச் சொல்கிறீர்கள்? யூ.பி.ஏ. என்பது டிஸ்னியின் 1941 வேலைநிறுத்தத்துக்குப் பிறகு வெளியே வந்தவர்கள் சேர்ந்து நடத்திய நிறுவனம். ஒவ்வொரு முடியும் அசைய வேண்டும், நிஜம்போலவே இருக்க வேண்டும் என்ற டிஸ்னி பாணியே வேண்டாம் என்று வந்தவர்கள். சிக்கனமும் இருந்திருக்கும், யார் இல்லையென்றது. ஆனால் அந்த அறையை வரைந்த பால் ஜூலியனுக்குத் தெரியும், நிழல் நகராமல் நின்றால்தான் பார்ப்பவன் மூச்சைப் பிடிப்பான் என்று. கொலைகாரனின் முகத்தைப் படம் காட்டுவதில்லை. அவன் கண்தான் நமக்குக் கண். அவன் பார்க்கிற கோணல் அறையைத்தான் நாமும் பார்க்கிறோம். (ரோட் ரன்னர் பறவை ‘பீப் பீப்’ என்று கத்திக்கொண்டு ஓடுமே, அந்தக் குரல் இதே பால் ஜூலியனுடையது. ஓவியங்களைத் தூக்கிக்கொண்டு நடைவழியில் விரையும்போது ஆட்கள் வழிவிட அவர் எழுப்பும் சத்தமாம் அது. அதே ஆள்தான் இந்த இருட்டையும் வரைந்தார்.)

இப்போது உங்கள் மேல் எனக்கு நிஜமாகவே கோபம் வந்த இடத்துக்கு வருகிறேன். மனசாட்சி!

1843 ஜனவரியில் வெளிவந்த கதை. அன்றிலிருந்து ஆளாளுக்கு இதன் நெற்றியில் ‘குற்ற உணர்ச்சி’ என்று பட்டை அடித்து வைத்திருக்கிறார்கள். நீங்களும் கதையை வாசித்துவிட்டு அதையே எனக்கு எழுதுகிறீர்கள். தயவுசெய்து இன்னொரு முறை எடுத்து வாசியுங்கள், இந்தத் தடவை பென்சிலோடு. அவன் எங்காவது வருந்துகிறானா? கிழவரை நேசித்தேன் என்கிறான், அவர் எனக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லை என்கிறான், அவர் பொன்னுக்கு ஆசைப்படவில்லை என்கிறான். இதையெல்லாம் சொல்லிவிட்டு எப்படிக் கொன்றேன் என்பதைத் தச்சன் மேசை செய்த கதையைச் சொல்வதுபோலச் சொல்கிறான். ஒரு சொட்டு ரத்தம் தரையில் இல்லை, எல்லாம் தொட்டியில் பிடித்தாயிற்று என்று சிரிக்கிறான். தரையில் மூன்று பலகைகளைப் பெயர்த்து உடலை உள்ளே வைத்து மூடுகிறான். விடிகாலை நாலு மணிக்குக் காவலர்கள் மூன்று பேர் வந்ததும் வீட்டைச் சுற்றிக் காட்டி, உட்காருங்கள் என்று நாற்காலி போட்டு, தன் நாற்காலியை அந்தப் பலகைகளின் மேலேயே போட்டுக்கொள்கிறான். மனசாட்சி உள்ளவன் செய்கிற வேலையா இது?

இன்னொன்று. இதைத்தான் எல்லோரும் தாண்டிப் போய்விடுகிறார்கள். கிழவரின் இதயத் துடிப்பு என்று அவன் நம்பும் அந்தச் சத்தம் கொலைக்குப் பிறகு மட்டும் கேட்பதில்லை. கொலைக்கு முன்பே கேட்கிறது. லாந்தரின் ஒற்றைக் கீற்று கண்ணில் விழுந்து, கிழவர் பயந்து உட்கார்ந்திருக்கும்போதே கேட்கிறது. பஞ்சில் சுற்றிவைத்த கடிகாரம்போல மந்தமான, வேகமான சத்தம் என்று போ எழுதுகிறார். பக்கத்து வீட்டுக்காரனுக்குக் கேட்டுவிடுமே என்று பயந்துதான் அவன் பாய்கிறான். பிறகு காவலர்களுக்கு முன்னால் கேட்கும்போதும் அதே பஞ்சு, அதே கடிகாரம். அது மனசாட்சி என்றால், செய்யாத கொலைக்கு முன்கூட்டியே உறுத்தியதா?

(மரத்துக்குள் இருந்துகொண்டு தலையை மோதித் தட்டும் ஒருவகை வண்டு உண்டு. இணையைக் கூப்பிடும் சத்தம் அது. சாவின் நாழிகையைச் சொல்லும் பூச்சி என்று ஐரோப்பியர்கள் அதற்குப் பயந்தார்கள். அந்த வண்டும் இந்தக் கதையில் ஒரு வரியில் வருகிறது. அவன் கேட்டதே அதுதான் என்று வாதாடுகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் அக்கறை இல்லை.)

அப்படியானால் எதற்காக ஒப்புக்கொள்கிறான்? போ ஒளிக்கவில்லை, பச்சையாகவே எழுதி வைத்திருக்கிறார். காவலர்கள் சிரித்தபடி பேசிக்கொண்டிருக்கிறார்கள். இவனுக்கு அந்தச் சத்தம் ஏறிக்கொண்டே போகிறது. இவன் குரலை உயர்த்துகிறான், நாற்காலியைத் தரையில் தேய்க்கிறான், எழுந்து நடக்கிறான். அவர்கள் இன்னும் சிரிக்கிறார்கள். இவர்களுக்கும் கேட்கிறது, கேட்டுக்கொண்டே கேட்காததுபோல நடிக்கிறார்கள், என்னைக் கேலி செய்கிறார்கள் என்று அவனுக்குத் தோன்றிவிடுகிறது. அந்தப் பொய்ச் சிரிப்பைத் தாங்க முடியாமல்தான் கத்துகிறான். நடிப்பை நிறுத்துங்கள் என்பதுதான் அவன் வாயிலிருந்து முதலில் வருவது. கொலை அதற்கு அப்புறம்தான்.

இதை எனக்கு எந்தப் பேராசிரியரும் சொல்லித்தரவில்லை. என் அண்ணன் சொல்லித்தந்தான்.

எனக்குப் பத்து வயது, அவனுக்குப் பதினாலு. ஒரே அறையில் படுத்துக்கொள்வோம். ஒரு தொகுப்பிலிருந்து இந்தக் கதையை டார்ச் வெளிச்சத்தில் எனக்கு வாசித்துக் காட்டினான். வாசிப்பதில் அவன் பெரிய கெட்டிக்காரன். வேகமாக வாசிக்க வேண்டிய இடத்தில் மெதுவாக வாசிப்பான். காவலர்கள் வந்து உட்கார்ந்த இடத்தில் டார்ச்சை அணைத்துவிட்டு, மீதி நாளைக்கு என்று திரும்பிப் படுத்துவிட்டான்.

கொஞ்ச நேரத்தில் எனக்குச் சத்தம் கேட்க ஆரம்பித்தது. எங்கிருந்து என்று சொல்ல முடியாது. தலையைத் தூக்கினால் இல்லை, வைத்தால் இருக்கிறது.

“அண்ணா, ஏதாவது சத்தம் கேக்குதா?”

“என்ன சத்தம்? எனக்கு ஒண்ணும் கேக்கலையே.”

அந்தக் குரலில் சிரிப்பு இருந்தது. இருட்டில் முகம் தெரியவில்லை, ஆனால் சிரிக்கிறான் என்று தெரிந்தது. நான் சத்தமாகப் பேச ஆரம்பித்தேன். பள்ளிக்கூடம், கணக்குப் பரீட்சை, வாய்க்கு வந்தது எல்லாம். அவன் “ம்... ம்...” என்று பொறுமையாகக் கேட்டுக்கொண்டே இருந்தான். நான் பேச்சை நிறுத்தினால் அது இருந்தது. கடைசியில் எழுந்து உட்கார்ந்து, “உன் பேனா நிப்பை வளைச்சது நான்தான்!” என்று அழுதுவிட்டேன்.

அந்த நிப்பை வளைத்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. அந்த இரண்டு வாரமும் நான் நிம்மதியாகச் சாப்பிட்டேன், நிம்மதியாகத் தூங்கினேன். யார் செய்தது என்று அவன் கேட்டபோது முகத்தைப் பார்த்துத் தெரியாது என்று சொன்னேன். உறுத்தல் என்ற சாமானே இல்லை. என்னை ஒப்புக்கொள்ள வைத்தது அவனுடைய ‘எனக்கு ஒண்ணும் கேக்கலையே’தான்.

காலையில் தலையணையை உதறிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. உறையின் ஓரத்தில் தையல் இரண்டு விரல் அகலத்துக்குப் பிரிந்திருந்தது. அப்பா வேலைக்குக் கிளம்பும்போது கைக்கடிகாரத்தைக் கட்டிக்கொண்டே, சாவியைப் பிடித்துத் திருப்பினார். வாரின் கொக்கியில் ஒரு பிசிறு பஞ்சு ஒட்டியிருந்தது. அப்பா அதை ஊதிவிட்டுப் போய்விட்டார்.

எங்கே விட்டேன்? ஆம், படம். எழுத்தில் அந்தத் துடிப்புக்குச் சத்தமே கிடையாது. அவன் கேட்டது என்கிறான், நாம் சரி என்கிறோம். படம் எடுப்பவருக்கு அந்த வசதி இல்லை. ஒலிப்பதிவில் வைப்பதா வேண்டாமா என்று முடிவு செய்தாக வேண்டும். நடிகர்களை வைத்து எடுத்தால், காவலராக நடிப்பவரின் முகத்தைப் பார்த்து இவருக்குக் கேட்கிறதா இல்லையா என்று நாமே துப்பறியத் தொடங்கிவிடுவோம். வரைந்த படத்தில் சுவர், நிழல், காவலரின் முகம் எல்லாமே அவன் தலைக்குள்ளிருந்து வருகின்றன. அந்த முகத்தைச் சோதிக்க நமக்கு வழியே இல்லை. இருட்டில் என் அண்ணனின் முகத்தை நான் சோதிக்க முடியாததுபோல. அதனால்தான் கார்ட்டூனாக எடுத்தது சரி.

வேறு படங்கள் கேட்டீர்கள். இரண்டு சொல்கிறேன், இப்போதைக்குப் போதும். செக் நாட்டு யான் ஷ்வாங்க்மையர் 1980இல் எடுத்த போவின் ‘அஷர் மாளிகையின் வீழ்ச்சி’. ஓர் ஆள்கூடத் திரையில் வரமாட்டார். நாற்காலி, கல், சேறு, ஒரு குரல், அவ்வளவுதான். அசைவு கேட்டீர்களே, சேறு அசைவதைப் பாருங்கள். இன்னொன்று பால் பெர்ரியின் ‘சேண்ட்மேன்’, பொம்மைகளை வைத்து எடுத்தது, ஜெர்மன் எழுத்தாளர் ஹாஃப்மன் 1816இல் எழுதிய கதையிலிருந்து. பிள்ளைகள் உள்ள வீட்டில் போடாதீர்கள்.

ஜேம்ஸ் மேசன் குரல் விஷயம். இழந்துவிட்டேனா என்று கேட்டிருந்தீர்கள். நான் அந்தக் கதையை எப்போது எடுத்தாலும் பதினாலு வயசுப் பையன் ஒருவனின் உடைந்த குரல்தான் வாசிக்கிறது. உங்களுக்குக் கிடைத்திருப்பது ஜேம்ஸ் மேசன். புலம்பாதீர்கள்.

போன மாதம் அண்ணன் வந்திருந்தபோது இந்தப் படத்தைப் போட்டுக் காட்டினேன். இருவருக்கும் தலை நரைத்துவிட்டது, இனி ஒப்புக்கொள்வதில் என்ன என்று நினைத்தேன். படம் முடியும்வரை பேசாமல் பார்த்தான். “நல்லா எடுத்திருக்கான்” என்றான். மெதுவாக அந்தக் கடிகாரத்தைப் பற்றிக் கேட்டேன்.

“கடிகாரமா?” என்றான் சிரித்துக்கொண்டே. “என்ன கடிகாரம்?”