மிஷேல் வையான் கார்ட்டூனில் வரும் ‘வையான்ட்’ நிஜமான கார் கம்பெனியா?

இல்லை, கற்பனைதான். ழான் கிராத்தோன் என்ற பிரெஞ்சு ஓவியர் 1957-ல் காமிக்ஸுக்காக உருவாக்கிய குடும்ப நிறுவனம் அது. 1990-ல் அந்தக் கதைகள் டிவி கார்ட்டூன் தொடராகவும் வந்தன. அப்பா ஆன்றி தொடங்கிய கம்பெனியை அண்ணன் ழான்-பியர் நடத்துகிறார், தம்பி மிஷேல் ரேஸ் ஓட்டுகிறார். நம்மூர்க் குடும்ப மில் மாதிரிதான்.

அப்புறம் ஏன் நிஜம்போலத் தோன்றுகிறது? சுற்றியுள்ள மற்றதெல்லாம் நிஜம் என்பதால். ‘லெ மான்’ 24 மணி நேரப் பந்தயத்தையும், ஜாக்கி இக்ஸ் போன்ற நிஜ ஓட்டுநர்களையும் கிராத்தோன் காமிக்ஸில் அப்படியே வரைந்தார். உண்மையான தெருவில், இல்லாத ஒரு கதவு எண்ணைச் சொல்வதுபோல. தெருவைத் தெரிந்தவர் வீட்டையும் நம்பிவிடுவார். நிஜ கம்பெனியை நாயகனாக்கியிருந்தால் அது எந்தப் பந்தயத்தில் தோற்றது என்பது ஊருக்கே தெரியும். கற்பனைக் காரை இஷ்டப்படி ஜெயிக்க வைக்கலாம். கொஞ்சம் அதிகமாகவே ஜெயிக்க வைத்தார் என்பது என் கருத்து.

“2017 லெ மான் பந்தயத்தில் வையான்ட் கார் ஓடியதே, நானே பார்த்தேன்” என்பார்கள். சரி, பெயரும் நீல நிறமும் வையான்ட்தான். ஆனால் ஓட்டிய அணி ரெபெல்லியன், காரைச் செய்தது ஓரெக்கா.