கடற்கரை ஊர்ல நாயை வீட்டுலயே எப்படி பராமரிக்கிறது? வாரா வாரம் குளிப்பாட்டணுமா, வெயிலுக்கு முடிய மழிச்சு விடலாமா?

நமக்கு மண்டபம் பக்கம், வீட்ல ஒரு லேப் (லாப்ரடார்), ஒரு நாட்டு நாய். ராமநாதபுரம் கடற்கரைப் பக்கம் நாய் வளர்க்கிறவங்களுக்கு நான் முதல்ல சொல்றது, குளிப்பாட்டுறத குறைங்க, சீவுறத கூட்டுங்க.

ஏன்னா நம்ம ஊரு தண்ணி அப்படி. போர் தண்ணி பாதி இடத்துல உப்பு, ஷாம்பு நுரையே வராது, நுரை வரலன்னு இன்னும் ஊத்துவோம், அது சரியா அலசாம தோல்லயே படிஞ்சு நாய் ராத்திரி பூரா சொறிஞ்சுக்கிட்டே கிடக்கும், நாம உண்ணின்னு நினைப்போம். அதனால ஷாம்புவ ஒரு மக்கு நல்ல தண்ணில கரைச்சு அப்புறமா ஊத்துங்க. அழுக்கு போற வரைக்கும் போர் தண்ணியே போதும், கடைசி அலசலுக்கு மட்டும் ஒரு குடம் நல்ல தண்ணி எடுத்து வச்சிருங்க. குடிக்கவே குடம் காசு குடுத்து வாங்குற ஊர்ல நாய்க்கு நல்ல தண்ணியான்னு வீட்ல சத்தம் போடுவாங்கதான், ஆனா மாசத்துக்கு ஒரு குளியல்னா ஒரு குடம் பெரிய விஷயமே இல்ல. கடல்ல இறங்கி விளையாடுன அன்னைக்கு ஷாம்பு வேண்டாம், உப்பு போக அலசினா போதும். நம்ம ஷாம்புவும் போடாதீங்க, அது மனுசத் தோலுக்குன்னு செஞ்சது, நாய்த் தோல்ல அமிலத்தன்மை நம்மள விட கம்மி, வறண்டு போயிரும்.

முடிய மழிக்காதீங்க, முக்கியமா லேப், பொமரேனியன் மாதிரி ரெண்டு அடுக்கு முடி உள்ளதுங்கள. அந்த முடிதான் வெயில் நேரா தோல்ல படாம தடுக்குது. அதுக்குப் பதிலா தினமும் சாயங்காலம் சீவி உள்முடிய எடுத்து விடுங்க, காத்து உள்ள போகும். குளிப்பாட்டுறதுக்கு முன்னாடியும் சீவிரணும், சிக்கு நனைஞ்சா இன்னும் இறுகிரும்.

சீவும்போதே கால் விரல் இடுக்க பாருங்க. சீமைக்கருவேல முள்ளு இல்லாத இடம் நம்ம மாவட்டத்துல எங்க இருக்கு, மணல் பக்கம் போனா ராவணன் மீசை காய் வேற உருண்டு கிடக்கும், அதோட முள்ளு உடைஞ்சு உள்ள இருந்தா வெளிய தெரியாது, நாய் அந்த இடத்தையே நக்கிட்டு இருக்கும், அத வச்சுதான் கண்டுபிடிக்கணும். நகமும் அப்படித்தான், தார் ரோட்ல நடக்குற நாய்க்கு தானா தேயும், மணல்ல ஓடுறதுக்கு தேயாது, வளைஞ்சு சதைல குத்தும். கருப்பு நகம்னா உள்ள ரத்தக்குழாய் தெரியாது, நுனிய மட்டும் கொஞ்சம் கொஞ்சமா வெட்டுங்க.

உண்ணி விஷயத்துல மட்டும் தயவு செஞ்சு யார் சொல்றதையும் கேட்டு மண்ணெண்ணெய் தடவாதீங்க. தோல் வெந்துரும், நக்கினா நுரையீரல் வரைக்கும் பாதிக்கும், பார்க்கவே பாவமா இருக்கும். இடுக்கிய தோலோட ஒட்டிப் பிடிச்சு நேரா இழுங்க, விரலால நசுக்காதீங்க. காது உள்பக்கம், கழுத்து பெல்ட்டுக்கு அடியில, விரல் இடுக்கு, இங்கதான் அதிகம் ஒளிஞ்சிருக்கும். பெண் உண்ணி ரத்தம் குடிச்சு ஊதினதும் கீழ விழுந்து சுவத்து வெடிப்புல ஆயிரக்கணக்குல முட்டை போடும், அதனால நாய் படுக்குற இடத்தையும் சுவத்து இடுக்கையும் சேர்த்து சுத்தம் பண்ணலன்னா எத்தன தடவ பொறுக்கினாலும் தீராது. கழுத்துக்குப் பின்னால விடுற சொட்டு மருந்து போடுறதா இருந்தா அதுக்கு ரெண்டு நாள் முன்னயும் பின்னயும் குளியல் கூடாது, கடலுக்கும் விடாதீங்க, மருந்து தோல் எண்ணெய்ல பரவித்தான் வேலை செய்யும். சாப்பிடாம சோர்ந்து படுத்து ஈறு வெளுத்திருந்தா உண்ணிக் காய்ச்சலா இருக்கலாம், அன்னைக்கே கால்நடை ஆஸ்பத்திரிக்கு தூக்கிட்டு போயிருங்க.

குளிச்சதும் காதுக்குள்ள ஈரம் நிக்காம பஞ்சால துடைங்க, லேப் மாதிரி தொங்கு காதுக்கு இது ரொம்ப அவசியம், நம்ம ஊரு காத்துல சும்மாவே ஈரம் ஜாஸ்தி. பட்ஸ் உள்ள விடாதீங்க. காதுல கெட்ட வாடை வந்தா வீட்டு வைத்தியம் வேண்டாம், டாக்டர்கிட்ட காட்டிருங்க.