சின்ன எஸ்எம்டி போர்டுக்கு டெஸ்ட் ஜிக் எப்படிச் செய்வது?

மண்டபம் ஊரில் படகு விளக்கு போர்டு செய்கிறவர் கேட்கிறார்: பாகங்களை மேற்பரப்பிலேயே பற்றவைக்கும் எஸ்எம்டி வகை, தபால்தலை அளவு போர்டு, ஒவ்வொன்றாக மல்டிமீட்டர் வைத்துப் பார்த்துக் கை ஓய்கிறது, என்ன வழி?

டெஸ்ட் ஜிக்தான் வழி: போர்டை வைத்து அழுத்தினால் எல்லாப் புள்ளிகளையும் ஒரே நேரத்தில் தொட்டுச் சோதிக்கும் சட்டம் அது. போர்டு வரையும்போதே அடிப்பக்கம் 1 மி.மீ. டெஸ்ட் பேடுகளை (சோதிக்கத் தொடும் செம்புப் புள்ளிகள்) 2.54 மி.மீ. இடைவெளியில் விட்டுவிடுங்கள், பி75 அளவு போகோ பின் (ஸ்பிரிங் வைத்த தொடு ஊசி) தாராளமாக உட்காரும். ரொம்ப நெருக்கினால் மெல்லிய பி50தான், அது சீக்கிரம் வளையும். போர்டின் விளிம்பை நம்பி ஜிக்கில் பொருத்தாதீர்கள், வெட்டு முன்பின் இருக்கும். போர்டில் இரண்டு துளைகள் விட்டு, அவற்றில் நுழையும்படி ஜிக்கில் கம்பி நிறுத்துங்கள்.

பெரிய தலைவலி அழுத்தம்தான். பின்கள் கீழிருந்து தள்ளி போர்டு வளைந்தால், செராமிக் கெபாசிட்டர் கண்ணுக்குத் தெரியாமல் விரிசல் விடும். மேலிருந்து அழுத்தும் முட்டுகள் பின்களுக்கு நேர் எதிரே, பாகமில்லாத இடத்தில் வரட்டும்.

நம்ம ஊர் உப்புக்காற்றுக்குத் தங்க முலாம் பின்தான் சரி. பின்னை நேரடியாகப் பற்றவைக்காமல் அதற்கான சாக்கெட்டில் (குழாய் உறை) செருகுங்கள், கெட்டால் உருவி மாற்றலாம். வேலை முடிந்ததும் ஜிக்கை மூடி போட்ட டப்பாவில் வையுங்கள்.